டெய்லரம்மாவின் நாற்காலி

மன்றக் கூடத்துக்கு வெளியே ஒரு மேசை, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு. உள்ளே போகிற உறுப்பினர் யாராக இருந்தாலும் கைபேசியை அந்தத் தட்டில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போன வருஷம் குடிநீர் வரி விவாதத்தின் நடுவில் தலைவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியதை யாரோ படம் பிடித்து ஊர் முழுக்கச் சுற்றவிட்டார்கள். மறு கூட்டத்துக்குள் தட்டு வந்துவிட்டது. இந்த நகராட்சியில் உடைந்த குழாயை மாற்ற வருஷக்கணக்காகும். தலைவரின் மானம் என்றால் மட்டும் வேலை மளமளவென்று நடக்கும்.

அந்தத் தட்டில் கைபேசியை வைக்க டெய்லரம்மாவுக்கு அன்றைக்கு மனசே வரவில்லை. அவள் கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த மனுஷன். டீசல் புகையை எல்லாம் சமாளித்த நுரையீரல், வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைக்கிடங்கின் புகையிடம் தோற்றுப்போனது. நாள் முழுக்க எரிகிற கிடங்கு அது. தைக்கக் கொடுத்த துணியில் கருகல் வாடை அடிக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாங்கிப் போவார்கள். கிடங்கை மூடவைக்கிறேன் என்று சொல்லித்தான் டெய்லரம்மா தேர்தலில் நின்றாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நாலு தெருவும் அவளுக்கு ஓட்டுப் போட்டது.

மூடவைக்க அவளால் முடியவில்லை. ஆனால் பக்கத்து மைதானத்தையும் சேர்த்துக் கிடங்கை அகலமாக்கத் தலைவர் கிளம்பியபோது, அதை மறிக்க முடிந்தது. சபை சரிபாதி. தலைவர் பக்கம் பாதி, இவள் பக்கம் பாதி. நிலம் சம்பந்தப்பட்ட தீர்மானம் என்றால் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கை தூக்கியாக வேண்டும். தலைவர் ஒவ்வொரு முறையும் கைகளை எண்ணிப் பார்ப்பார், ஒரு கை குறையும், நிகழ்ச்சி நிரலில் இருக்கிற அந்தப் பொருளை ஒத்திவைப்பார். எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி காலியானால் போதும், மைதானம் அவர் கைக்கு வந்துவிடும். அந்த ஒரு நாற்காலிக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்.

வாய்ப்பு ஆஸ்பத்திரி வழியாக வந்தது. மூன்று மாதம் முழுசாக எந்தக் கூட்டத்திலும் உட்காராத உறுப்பினரின் பதவி தானாகவே போய்விடும் என்று விதி இருக்கிறது. கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளில் ஒரு கூட்டம் போயிற்று. அவருக்கு நெஞ்சில் துளைபோட்டு நீர் எடுத்த நாளில் இன்னொன்று போயிற்று. விடுப்புக் கேட்டு டெய்லரம்மா மனு கொடுத்துத்தான் பார்த்தாள். அதை மன்றத்தில் வைத்து, பரிசீலிக்கலாம் என்று முடித்துவிட்டார்கள். பரிசீலனை இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. நாளையோடு மூன்று மாதம் முடிகிறது. இன்றைய கூட்டத்தை விட்டால் அவளுக்கு வேறு கூட்டம் கிடையாது.

அவளே போகமாட்டேன் என்றுதான் சொன்னாள். கணவர்தான் விடவில்லை. போய் உட்கார்ந்துவிட்டு வா, இதே புகையில் இன்னொருத்தன் வந்து இந்தக் கட்டிலில் படுக்க வேண்டாம் என்று, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். அவளுடைய கொழுந்தனும் மன்ற உறுப்பினர்தான். அண்ணி ஜெயித்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வட்டத்தில் நின்றவன். அவனுக்காகத் தெருத்தெருவாக அலைந்து ஓட்டுக் கேட்டதும் அண்ணிதான். அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று அவன் கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டான்.

கைபேசியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கூடத்தில் அவள் பக்கத்து ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வரிசை முழுக்கக் காலி. தலைவரின் ஆட்கள் ஒருவர் விடாமல் தாழ்வாரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் தோளில் தட்டிச் சிரிப்பும் கும்மாளமுமாக நின்றார்கள். தலைவர் நடுவில் நின்று எல்லாருக்கும் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். இரும்புக்கடை வைத்திருக்கிற மனுஷன், ஆனால் குரல் மட்டும் வெண்ணெய். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார். முதுகைத் தடவிக்கொண்டே பள்ளத்தில் தள்ளிவிடுகிற ரகம்.

டெய்லரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி டீச்சருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மன்றத்துக்கு வந்தவர், எதையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். டீச்சர் தலைகளை ஒருமுறை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு டெய்லரம்மாவின் காதோரம் குனிந்தார்.

“கோரத்துக்கு ஒரு ஆள் குறையுதும்மா. பாதிப்பேர் உள்ள இருக்கணும். உன் கொழுந்தன் வந்தா சரியாயிடும். வரலன்னா ஒரு மணி நேரம் பார்த்துட்டு, கூட்டமே இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.”

டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் அந்த டீயும் பிஸ்கட்டும் எதற்கென்று உறைத்தது. அவர்கள் உள்ளே வரப்போவதில்லை. வெளியே நின்று சிரித்துக்கொண்டே அவள் பதவியின் கழுத்தைத் திருகிப் போட்டுவிடுவார்கள். கொழுந்தன் வந்துவிட்டால் இவர்கள் பக்கமே பாதி சேர்ந்துவிடும். அதன் பிறகு தலைவர் வராமல் இருக்க முடியாது. வராவிட்டால் இருக்கிறவர்களே ஒருவரைத் தலைமையில் உட்காரவைத்துக் கூட்டத்தை நடத்திவிடலாம். எல்லாம் அந்த ஒரு தலையில் வந்து நின்றது. அந்த ஒரு தலையோ சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வெளியே போய்த் தட்டிலிருந்து கைபேசியை எடுத்தாள். தாழ்வாரத்துச் சிரிப்பு கொஞ்சம் தணிந்தது. காதுகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

அவன் தயங்கினான். அண்ணன் காலையிலிருந்து சரியாக இல்லை, தனியாக எப்படி விட்டுவிட்டு வருவது என்றான். நர்ஸிடம் சொல்லிவிட்டு வா, ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருதானே, கணக்கில் சேர்ந்ததும் இரண்டு பேரும் ஓடிவிடலாம் என்றாள். அவன் கைபேசியை எப்போதும் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துத்தான் பேசுவான், அதனால் கட்டிலில் கிடந்தவருக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. அவர் குரல் வந்தது.

“என்னம்மா, உட்கார்ந்துட்டியா?”

“உட்கார்ந்துட்டேங்க. தம்பியக் கொஞ்சம் அனுப்பிவைக்கிறீங்களா? உடனே வந்துடுவோம்.”

“போகட்டும், போகட்டும்.” மூச்சு வாங்கினார். “நீ எழுந்துடாத. என்ன ஆனாலும் எழுந்துடாத.”

கைபேசியைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். போகிற வழியில் தலைவர் பிஸ்கட் தட்டை அவளிடமும் நீட்டினார். வீட்டுக்காரருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்த விசாரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெற்ற தாய்கூட அத்தனை கனிவாகக் கேட்டிருக்கமாட்டாள்.

கொழுந்தன் கிளம்பி வருவதற்குள், இந்த மன்றத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். முந்தின வருஷம் டீச்சரின் கணவர் மாரடைப்பில் போனபோது, சேதி மன்றத்துக்கு வந்தும் தலைவர் கூட்டத்தை நிறுத்தவில்லை. டீச்சர் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு எழுந்து போகிறார், இவர் பாட்டுக்குச் சாக்கடை மூடி ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் டெய்லரம்மா சாமியாடிவிட்டாள். நீங்கள் எல்லாம் மனுஷர்களா, உங்கள் வீட்டில் சாவு விழாதா என்று கேட்டாள். உறுப்பினர் வீட்டில் இறப்பு என்று சேதி வந்தால், இரங்கல் தெரிவித்துவிட்டு அன்றைக்கு வேறு எந்தப் பொருளும் எடுக்காமல் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. இத்தனை காலத்தில் அவள் கொண்டுவந்து சண்டை இல்லாமல் நிறைவேறியது அந்த ஒன்றுதான். டீச்சர் அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். கணவரிடம் சொன்னபோது அவரும், நல்ல காரியம் பண்ணினாய் என்றார்.

கொழுந்தன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். கைபேசியைத் தட்டில் போட்டான், உள்ளே வந்தான், அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். டீச்சர் எண்ணினார். பாதி சேர்ந்துவிட்டது. மன்றச் செயலர் எட்டிப் பார்த்தார், அவரும் எண்ணினார், தலைவரிடம் போய் ஏதோ சொன்னார். தாழ்வாரத்தில் சிரிப்பு அடங்கிப்போயிற்று. கண்ணாடிக் கதவு வழியாகத் தலைவரின் முகம் தெரிந்தது. தோற்றுப்போன முகம். டெய்லரம்மாவுக்கு அதைப் பார்க்க எத்தனை குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா? பொய் எதற்கு, அந்த நேரத்தில் அவள் கணவரைக்கூட மறந்துதான் இருந்தாள்.

அப்போது வெளியே சேவல் கூவியது.

அது அவளுடைய கைபேசி. மெஷின் ஓடுகிற சத்தத்தில் உனக்கு எதுவும் காதில் விழாது என்று கணவர்தான் அந்தச் சேவலைப் பிடித்து அதில் வைத்துக் கொடுத்தார். மன்றத்தில் அது கூவும்போதெல்லாம் சிரிப்பார்கள். இப்போதும் தாழ்வாரத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அது விட்டு விட்டுக் கூவிக்கொண்டே இருந்தது. டெய்லரம்மா நாற்காலியின் கைப்பிடியை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள்.

டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எழுந்து வெளிய போனா அந்த நிமிஷமே ஆள் குறையுதுன்னு எழுதிடுவாங்க. இத்தனை நேரம் பொறுத்த, இன்னும் கொஞ்சம். ஒரு பொருள் எடுத்துட்டாப் போதும், ஓடிடு.”

டெய்லரம்மா கொழுந்தனைப் பார்த்தாள். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்துவிடாதே, என்ன ஆனாலும் எழுந்துவிடாதே என்ற குரல் இன்னும் அவள் காதிலேயே இருந்தது. வெளியூரில் இருக்கிற மகளாக இருக்கும், இல்லையென்றால் மருந்துச்சீட்டுப் பற்றி நர்ஸ் ஏதாவது கேட்பாளாக இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். உட்கார்ந்துவிட்டாள். சேவல் இன்னும் ஒருமுறை கூவி, பாதியில் நின்றுபோனது. யாரோ எடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைச் சட்டை மேசையின் மேல் குனிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தலைவர் முன்னால் வந்தார், பின்னால் அவர் ஆட்கள் எல்லாரும் வரிசையாக வந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. தலைவர் தன் இடத்தில் உட்காரவில்லை, நின்றபடியே கைகளைக் கட்டிக்கொண்டார். வந்துவிட்டார்கள், முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று டெய்லரம்மா டீச்சரின் கையை அழுத்தினாள்.

“மன்றத்துக்கு ஒரு துயரச் செய்தி,” என்றார் தலைவர். “எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

நாற்காலிகள் நகர்ந்தன. யார் போய்விட்டார்கள் என்று டெய்லரம்மாவும் சுற்றிலும் பார்த்தாள். பழைய உறுப்பினர் ஒருவர் ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தார், அவராக இருக்கும் என்று நினைத்தாள். எல்லாரும் நின்றார்கள். எழுந்துவிடாதே என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் எதிர்வரிசையில் ஒருவர்கூடத் தலைகுனியாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். கொழுந்தன் பக்கம் திரும்பினாள். அவனும் அப்போதுதான் புரிந்துகொண்டு மேசையில் கவிழ்ந்து கொண்டிருந்தான்.

மௌனம் முடிந்தது. நம் மன்றத்தின் அன்புச் சகோதரியின் கணவர் சற்றுமுன் ஆஸ்பத்திரியில் காலமானார் என்றும், கடைசி நேரத்தில் பக்கத்தில் உறவினர் யாரும் இல்லாததால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள் என்றும், சகோதரி கூடத்தில் இருந்ததால் தானே அந்த அழைப்பை எடுக்க நேர்ந்தது என்றும் தலைவர் சொன்னார். உறவினர் யாரும் இல்லாததால் என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இப்படிப்பட்ட நேரத்துல கூட்டத்த நடத்துறது மனிதத்தன்மை இல்லன்னு நமக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தச் சகோதரிதான். அவங்க கொண்டுவந்த தீர்மானப்படியே, எந்தப் பொருளும் எடுக்காம இந்தக் கூட்டத்த அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கிறேன்.”

அடுத்த வாரம். நாளையோடு முடிகிறது மூன்று மாதம். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள். ஒரு சாவு கையில் கிடைத்ததும் அதைப் பூமாலையாகக் கட்டி அவள் கழுத்திலேயே போட்டு இறுக்கிவிட்டார். டீச்சர் எழுந்து, வருகையையாவது பதிவு செய்யுங்கள் என்று செயலரிடம் மன்றாடினார். பொருள் எடுக்காத கூட்டத்துக்கு வருகை கிடையாது, விதி அப்படி என்று செயலர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

டெய்லரம்மாவுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் ஒன்றுமே இல்லாமல் காலியாகிவிட்டது மாதிரி இருந்தது. அவர் தனியாகச் செத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒரே ஆளையும் அவள்தான் கூப்பிட்டுக்கொண்டாள். கூப்பிட்டதற்குப் பலனாக இந்த நாற்காலியாவது மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் எதற்காக அந்த மனுஷன் அப்படிப் போனார்? அவள் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டாள்.

“முதல் பொருள எடுங்க.”

செயலர் கோப்பை மூடிக் கட்டினார்.

“எடுங்க. நான் உட்கார்ந்துதான் இருக்கேன். என்னை எண்ணிக்கிட்டு முதல் பொருள எடுங்க.”

எதிர்வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டினார். புருஷன் உடம்பு இன்னும் ஆறவில்லை, இந்தம்மாவுக்குப் பதவி கேட்கிறது என்று இன்னொருவர் பக்கத்து ஆளிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தலைவர் அவர்களைக் கையமர்த்தினார். அம்மாவுக்கு அதிர்ச்சி, அம்மாவை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது, யாராவது பக்குவமாக வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார். விளக்குகளை அணைத்தார்கள். டீச்சரும் கொழுந்தனும் இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். அவள் கைப்பிடியை விடவில்லை. நாற்காலியும் அவளோடு கொஞ்ச தூரம் இழுபட்டு வந்தது. கடைசியில் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது டீச்சர்தான்.

அதை யாரும் படம் பிடிக்கவில்லை, கைபேசிகள் எல்லாம் தட்டில் இருந்தன. பிடித்திருந்தாலாவது அவள் முகத்தை ஊர் பார்த்திருக்கும். இப்போது ஊருக்குக் கிடைத்தது வாய்ச்சொல் மட்டும். சாயங்காலத்துக்குள் அது அவள் தெருவுக்கு வந்துவிட்டது. புருஷன் செத்த சேதி சொன்ன பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று பிடித்துத் தொங்கினாளாம். சாகக் கிடந்தவரிடமிருந்து தம்பியையும் ஓட்டுக்காக இழுத்துக்கொண்டாளாம். துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் அதைப் பேசிவிட்டு, உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நாலு தெருவிலும் அவள் பேச்சை நம்ப ஒரு ஆள் மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் கூடிய மன்றம் முதலில் அவள் கணவருக்கு இரங்கல் தீர்மானத்தை முறைப்படி நிறைவேற்றியது. பிறகு அவள் இடம் காலி என்று அறிவித்தது. பிறகு மைதானத்தைக் கிடங்கோடு சேர்த்தது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு டீ நேரம்கூட ஆகவில்லை. டீச்சர் எதிர்த்துப் பேசினார், கொழுந்தன் எதிர்த்துக் கை தூக்கினான், ஒரு கை போதவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டதைக் கொழுந்தனே வந்து சொன்னான். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கு மகளும் வீட்டில்தான் இருந்தாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள், அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க ஓடிவந்தவள். வந்ததிலிருந்து அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சித்தப்பா சொல்லி முடித்ததும், அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

“அப்பா போயிட்டாருன்னு சொன்னப்புறமும் நீ எழுந்திரிக்கவே இல்லையாமே? உண்மையாம்மா?”

டெய்லரம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைப்பதற்கு ஒன்றுமில்லை, தைக்கக் கொடுத்தவர்கள் துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் நிமிர்ந்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இருந்தது.

“அப்பாதான் சொன்னாரும்மா. என்ன ஆனாலும் எழுந்துடாதன்னு. போன்ல சத்தமாத்தான் சொன்னாரு. சித்தப்பா பக்கத்துலயே இருந்தாரு, வேணும்னா கேளு.”

மகள் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். கொழுந்தன் சட்டைப் பொத்தானைத் திருகினான். அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு வந்தவன் என்று ஊர் அவனையும் பேசத் தொடங்கி, பிறகு அண்ணியின் பதவி ஆசையால்தான் வந்தான், பாவம் என்று மன்னித்துவிட்டிருந்தது. அண்ணனே போகச் சொன்னார் என்று இப்போது சொன்னால், அண்ணி மேல் போட்ட பழி விலகி, ஊர் மறுபடி அவனைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த தேர்தலும் ரொம்பத் தூரத்தில் இல்லை.

“நான் கிளம்புற அவசரத்துல இருந்தேம்மா,” என்றான். “அண்ணன் ஏதோ பேசினாரு. என்னன்னு சரியாக் காதுல விழல.”

டெய்லரம்மா அவனையே பார்த்தாள். அண்ணி என்று கூப்பிடுகிற வாய், அவள் கையால் எத்தனை வருஷம் சாப்பிட்ட வாய். அவன் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மகளின் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“அப்பா வந்து இல்லன்னு சொல்லமாட்டாருன்னு அவர் மேல போடுறியா?”

டெய்லரம்மா மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். மகள் உள்ளே போய்ப் பெட்டியில் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.